பாப்பாவின் கண்ணாடியை எங்கே வாங்குவது என்று கேட்டாயே

அப்பு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டது சின்னக் கேள்விதான். பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்தது, பாப்பாவுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றாய். "முழுப் பரீட்சை லீவுக்கு வரும்போது திண்டுக்கல்ல நம்ம அந்தோணி பெரியப்பா கடையிலயே வாங்கிரவாப்பா? இல்ல, இங்க ஓசூர்லயே அந்தப் பெரிய கடையில எடுத்துரவா? அங்க ஒண்ணு வாங்குனா ஒண்ணு சும்மா தாராங்க" என்று கேட்டாய். "செத்த இரு, வாசல்ல யாரோ கூப்புடுறாங்க" என்று போனை வைத்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. உன் அம்மா எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "இப்பவாச்சும் சொல்லிருக்கலாம்ல" என்றாள்.

போனில் என்னால் சொல்ல முடியாது. பாதியில் குரல் உடையும், நீ அங்கே பதறுவாய், இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் காதில் வைத்துக்கொண்டு நிற்போம். அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளையும் மருமகளும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. முடிக்கும்வரை எனக்குப் போன் போடாதே. உனக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. முழங்கால் வலி என்று சொல்லி ஸ்கூல் வேனை விற்றேனே, அது பொய். என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. இன்றைக்கும் மலைக்கோட்டைப் படியை நிற்காமல் ஏறுவேன்.

முதலில் அந்தோணி அண்ணன் கடையைப் பற்றிச் சொல்கிறேன். நமக்கு அந்தக் கடை வெறும் கடை இல்லை, அது உனக்கே தெரியும். நீ ஆறாம் வகுப்பில் கணக்கில் தொடர்ந்து முட்டை வாங்கிக்கொண்டு வந்தபோது நான் உன்னை அடித்தேன். அண்ணன்தான் ஒரு நாள் நீ கடை வாசலில் நின்று எதிர்ச் சுவரில் இருந்த போஸ்டரைக் கண்ணைச் சுருக்கிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, புள்ளைக்குக் கணக்கு வராம இல்ல, போர்டு தெரியல" என்றார். அன்றைக்கே கண்ணாடி போட்டாய். வெளியே வந்ததும் வேப்பமரத்தைப் பார்த்து, "அப்பா, எல தனித்தனியா இருக்கு!" என்றாய். உன்னை அடித்த கை எனக்கு அன்றைக்கு முழுக்கக் கூசியது. பிறகு பிளஸ் டூ பரீட்சை அன்று காலையில் நீ கண்ணாடி மேலேயே உட்கார்ந்து உடைத்தாய். ஏழு மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கட்டிய கைலியோடு வந்து கடையைத் திறந்து, பழைய பிரேமில் லென்ஸை மாட்டி உன் மூக்கில் வைத்து அனுப்பினார். அப்படிப்பட்ட மனிதரை விட்டு வேறு கடைக்குப் போவதை நான் துரோகம் போல நினைத்தேன்.

அதனால்தான் போன வருடப் பொங்கலுக்கு உன்னை அப்படிக் கேவலப்படுத்தினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புதிதாக வந்த அந்தத் தள்ளுபடிக் கண்ணாடிக் கடைக்கு நீ ஆசையாக என்னைக் கூட்டிப்போனாய். கண்ணாடிக் கதவு, ஏசி, சீருடை போட்ட பிள்ளைகள். "உங்களுக்கு வண்டி ஓட்ட ஒண்ணு, பேப்பர் படிக்க ஒண்ணு எடுத்துக்கலாம்ப்பா. கம்ப்யூட்டர்ல நல்லாப் பாக்குறாங்க" என்றாய். நான் படியிலேயே நின்றுகொண்டு, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படிக் கத்தினேன். "ஊரு ஊருக்குக் கட வச்சிருக்கிறவனுக்கு எம் மூஞ்சி தெரியுமாடா? எம் பேரு தெரியுமா? ஒண்ணுக்கு ஒண்ணு இனாம்னா உன் அப்பனயும் மாத்திருவியா?" என்றேன். உன் காது மடல் சிவந்துபோனது. சாயங்காலமே ஓசூருக்குக் கிளம்பிவிட்டாய். அதற்கு நான் இன்றுவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சின்னாளபட்டிக்குப் போனேன். தர்ஷினி என்று ஒரு பிள்ளை, இரண்டாம் வகுப்பு, நம் பாப்பா வயதுதான். அவளுடைய தெரு முக்கில் நிறுத்தினேன். இடப்பக்கக் கதவு வழியாக இறங்கினாள். நான் வழக்கம்போல லேசாகத் தலையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தேன். அப்பு, சத்தியமாகப் பார்த்தேன். தெரு காலியாக இருந்தது. கியர் போட்டு வண்டியை நகர்த்தினேன். பின்சீட்டில் இருந்து ஒரு பையன், "மாமா, தர்ஷினி! மாமா!" என்று அலறினான். பிரேக்கை மிதித்தேன். வண்டி குலுங்கி இஞ்சின் நின்றது. அதற்கு முன்னாலேயே டயருக்கு அடியில் ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டுவிட்டது.

எப்படி இறங்கினேன், எப்படி வண்டியைச் சுற்றி வந்தேன் என்று தெரியவில்லை. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. தண்ணீர் பாட்டில் கையிலிருந்து உருண்டு போயிருக்கிறது, எடுக்கக் குனிந்திருக்கிறாள். பாட்டில் சப்பளிந்து டயருக்கு அடியில் கிடந்தது. ரோட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது தண்ணீர்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கதவில் இறங்கி, சன்னலுக்கு நேராக நடந்து, வண்டியின் முன்பக்கம் வரைக்கும் வந்திருக்கிறாள். பின்சீட்டுப் பையனுக்குத் தெரிந்த பிள்ளை எனக்குத் தெரியவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பிள்ளையைத் திட்டினேன். "கண்ணு தெரியலையா உனக்கு? வண்டி கெளம்புறது தெரியாம வந்து குனியுற!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவள் நடுங்கிக்கொண்டே, "சாரி மாமா" என்றாள். மற்ற பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா காபி கொடுத்தாள், குடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி பழசாகிவிட்டது, பவர் ஏறியிருக்கும், நாளைக்கே மாற்றிவிட வேண்டும் என்று மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக அந்தோணி அண்ணன் கடைக்குத்தான் போனேன். பூட்டியிருந்தது. குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறார், வர நான்கு நாள் ஆகும் என்றார் பக்கத்துக் கடைக்காரர். நான்கு நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த நொறுங்கிய சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. எந்தப் படியில் நின்று உன்னைத் திட்டினேனோ அதே படியில் ஏறினேன். அண்ணன் திரும்பி வந்ததும் எப்படி முகத்தில் விழிப்பது என்பதுதான் அப்போதும் என் கவலை.

கண் பார்க்கிற அறையில் ஒரு பெண் இருந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். பேச்சில் குஜிலியம்பாறைப் பக்கத்துப் பிள்ளை என்று தெரிந்தது. எழுத்துப் பலகையைக் காட்டினாள். கடைசி வரிவரை கடகடவென்று படித்தேன். "பாத்தியாம்மா, எம்புட்டுத் தெளிவா வாசிக்கிறேன். லேசா பவர் மாத்துனாப் போதும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "சார், உள்ள வரும்போது இடது தோள கதவுல இடிச்சீங்க. சேர்ல உக்காரும்போது அந்த ஸ்டூலையும் தட்டிவிட்டீங்க. அடிக்கடி இப்புடி ஆகுமா?" என்று கேட்டாள். வயசாகுதுல்லம்மா என்றேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். என் வலது கண்ணை என் கையாலேயே பொத்தச் சொன்னாள்.

"என் மூக்க மட்டும் பாருங்க சார். கண்ண ஆட்டாதீங்க. பக்கத்துல என் விரல் ஆடுறது எப்பத் தெரியுதோ, அப்பத் தெரியுதுன்னு சொல்லுங்க."

அவள் மூக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்னதாக ஒரு மூக்குத்தி போட்டிருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஆரம்பிம்மா, கைய நீட்டு" என்றேன்.

"நான் எப்பவோ நீட்டிட்டேன் சார்" என்றாள். "விரல ஆட்டிக்கிட்டேதான் இருக்கேன்."

கண்ணைத் திருப்பிப் பார்த்தேன். என் இடது தோளுக்கு முன்னால், ஒரு முழத் தூரத்தில், அவள் கை இருந்தது. இரண்டு விரலும் ஆடிக்கொண்டிருந்தன. அப்பு, அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இருட்டாகவோ மங்கலாகவோ தெரிந்திருந்தால்கூட மனது ஒப்புக்கொண்டிருக்கும். அப்படி எதுவும் இல்லை. அவள் முகம் இருந்தது, பின்னால் சுவர் இருந்தது, எல்லாம் முழுசாக இருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கை அங்கே இல்லை. அதே மாதிரிதான் அந்தத் தெரு காலியாக இருந்திருக்கிறது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க என்ன சார் வேல பாக்குறீங்க?" என்று கேட்டாள். ஸ்கூல் வேன் ஓட்டுறேன் என்று சொன்னேன். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பிறகு, "சார், இன்னிக்கு உங்களுக்கு நான் கண்ணாடி தர மாட்டேன். கண்ணாடியால சரியாகுற விஷயம் இல்ல இது. நாளைக்கே மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க. சாயங்காலம் வண்டிய எடுக்காதீங்க சார். தயவுசெஞ்சு" என்றாள். வெளியே இருந்த மேனேஜர், பிரேம் என்ன எடுத்தார் என்று எட்டிப் பார்த்துக் கேட்டான். "அவருக்கு ஒண்ணும் வேணாம் சார்" என்று அவள் அழுத்திச் சொன்னாள். வேனை அங்கேயே விட்டுவிட்டு, பிள்ளைகளை ஏற்றிப்போக வேறொரு டிரைவரைப் போனில் கூப்பிட்டேன். வீட்டுக்கு ஆட்டோவில் வந்தேன். அன்றோடு சரி. அதற்குப் பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

மதுரையில் நாள் முழுக்கச் சோதனை செய்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது, இதற்குப் பெயர் குளுக்கோமா என்றார் டாக்டர். வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து உள்ளே வரும், நேர்ப்பார்வை கடைசியில்தான் போகும், அதனால் பலகையில் எல்லா எழுத்தையும் படித்துக்கொண்டே குருடாகலாம் என்றார். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், ஆயுசுக்கும் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார். எத்தனை வருடமாக இப்படி இருக்கும் என்று கேட்டேன். "சில வருஷமாவே இருக்கணும்" என்றார். சில வருடம். வண்டியில் பதினான்கு பிள்ளைகள். காலையும் மாலையும் நான்கு வழிச் சாலையைக் கடந்து அழைத்துப் போயிருக்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒவ்வொரு பிள்ளையின் முகமாக என் முன்னால் வந்து போனது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கையும் சில்லிட்டிருந்தது.

வேனை விற்றேன். வாங்கியவனிடம்கூட முழங்கால் வலி என்றுதான் சொன்னேன். அதே பொய்யை உனக்கும் சொன்னேன். ஆனால் ஒரு வீட்டில் மட்டும் பொய் சொல்ல மனம் வரவில்லை. தர்ஷினியின் அம்மா மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிற பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய் நின்றேன். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அந்தப் பிள்ளை பாட்டிலைத் தொலைத்துவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறாள். புது பாட்டிலைத் தொலைத்ததற்காக அம்மாவிடம் இரண்டு அடியும் வாங்கியிருக்கிறாள். என்னைக் காட்டிக் கொடுக்கவே இல்லை. தன் மேல்தான் தப்பு என்று நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறாள்.

"அண்ணே, எம் புள்ள நல்லாத்தான இருக்கா. இத எதுக்கு இப்ப வந்து சொல்றீங்க?" என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டு உடனே, "ஏ தர்ஷினி, இங்க வா" என்று கூப்பிட்டு, பிள்ளையின் கை, கால், தோள் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நடந்து எத்தனையோ நாள் ஆன விஷயத்துக்கு அன்றைக்குத்தான் காயம் தேடினாள். நான் பிள்ளையிடம், "தப்பு உன் மேல இல்ல தாயி. மாமாவுக்குத்தான் கண்ணு தெரியல" என்றேன். அது ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டியது. "போங்கண்ணே. எனக்கு இப்ப எதுவும் பேச வரல" என்றாள் அவள் அம்மா. நான் வந்துவிட்டேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

அங்கிருந்து நேராக அந்தோணி அண்ணன் கடைக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், சண்டை போடத்தான் போனேன். எனக்குக் கண்ணாடி போட்டுத் தரும் இந்தப் பன்னிரண்டு வருடமாக இவர் என் கண்ணில் என்னத்தைப் பார்த்தார் என்ற ஆத்திரம். ஆஸ்பத்திரி பைலை அவர் மேசையில் விட்டெறிந்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். தன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு மேசைக்கு உள்ளிருந்து வாடிக்கையாளர் அட்டைகளை எடுத்து, என் அட்டையைத் தேடி என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வரி, அவர் கையெழுத்து: "டாக்டரிடம் அனுப்ப வேண்டும்." இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே வரி மறுபடியும்.

"எழுதிவச்சிருக்கேன் பாரு" என்றார். அவர் உதடு கோணியது. "எழுதி வச்சுட்டு கண்ணாடியும் குடுத்து அனுப்பிருக்கேன் பாரு."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் என்னிடம் சொன்னார். நிச்சயமாகச் சொன்னார். "ஏப்பா, ஒரு எட்டு மதுரைக்குப் போயி டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துரு. வண்டி ஓட்டுறவன் வேற." நான் சிரித்தேன். "நீங்க பாத்தாப் போதாதாண்ணே? உங்களுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியப்போவுது? சீக்கிரம் குடுங்க, ஸ்கூல் விட்டுரும்" என்றேன். அந்தப் பேச்சில் அவர் மனம் குளிர்ந்துவிட்டது. என் மனமும்தான். பழகிய மனிதர் வற்புறுத்த மாட்டார் என்று எனக்குத் தெரியும். வற்புறுத்தினால் நான் கோபித்துக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு என்னைத் தெரியாது, என் கோபத்தைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. அதனால் அவள் மாட்டேன் என்று சொன்னாள். என் முகம் தெரியாது என்று எந்தக் கடையை ஏசினேனோ, அந்தக் கடைதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு அதிர்ச்சி ஏற்படுகிறது. எட்டு மாதமாகியும் அது குறையவில்லை.

அதற்காக, பெரிய கடைதான் நல்லது என்று அப்பா சொல்லிவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதே. பின்னால் ஒரு நாள் சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். அவள் அங்கே இல்லை. வேறு ஒரு இளைஞன் இருந்தான். "அவங்க போயிட்டாங்க சார்" என்றான். எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. பெயர் என்னப்பா என்று கேட்டேன். "நான் புதுசு சார்" என்றான். அவள் சட்டையில் பெயர் குத்தியிருந்தது, நான் படித்தும் இருந்தேன், மனதில்தான் வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பையன் என்னை உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினான். நான் கடைசி வரிவரை படித்தேன். "சூப்பர் சார். இந்த வாரம் ஆபர் இருக்கு, பிரேம் பாக்குறீங்களா?" என்றான். அதே நாற்காலிதான், அதே மெஷின்கள்தான். பழத்தைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

அந்தோணி அண்ணன் இப்போது ஒரு காரியம் செய்கிறார். நாற்பது வயதைத் தாண்டிய யாராக இருந்தாலும், கண் டாக்டர் சீட்டு இல்லாமல் அவர் கடையில் கண்ணாடி கிடையாது. அட்டையில் எழுதி வாசலிலேயே தொங்கவிட்டிருக்கிறார். பழைய ஆட்கள் பலர் கோபித்துக்கொண்டு பெரிய கடைக்குப் போய்விட்டார்கள். அவருடைய சொந்த மச்சினன்கூட, "ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனான். "போகட்டும்ப்பா. ஒருத்தன் கண்ண நான் அட்டையில எழுதி வச்சுத் தொலச்சேன். போதும்" என்கிறார். நான் தினமும் அவர் கடைக்குப் போய் உட்காருகிறேன். சீட்டு எதற்கு என்று எகிறுகிற ஆட்களிடம், என் வலது கண்ணை நானே பொத்திக்கொண்டு, எனக்கு எதுவரை தெரிகிறது என்று சொல்லிக் காட்டுகிறேன். சிலர் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நேற்று உன் கேள்வியை அவரிடமே கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஓசூர்லயே வாங்கச் சொல்லு. சின்னப் புள்ள கண்ணாடி வாரத்துக்கு ஒரு தடவ கோணும். நிமித்துறதுக்கு அவன் திண்டுக்கல்லுக்கா வருவான்? எந்தக் கடைனாலும் சரி. ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னால டாக்டர்ட்ட போகச் சொல்லு. மருந்து விட்டு முழுசாப் பாக்கணும்" என்றார். என் பதிலும் அதுதான். கடையில் பாப்பா உட்காரும்போது நீ கூடவே நில். பாப்பா எழுத்தைச் சரியாகப் படித்துவிட்டாள் என்று கை தட்டிவிட்டு வந்துவிடாதே. பார்க்கிறவர் பிள்ளையைப் பார்க்கிறாரா, பிரேமை மட்டும் பார்க்கிறாரா என்று கவனி. ஒருவர் உனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னால், அவரிடமே இன்னொரு முறை போ.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தில் எனக்குக் கடினமான இடம். மதுரை டாக்டர் அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். இது குடும்பத்தில் வருகிற நோயாம். "உங்களுக்குப் பிள்ளைங்க இருந்தா, உடனே கண்ணு அழுத்தத்தப் பாக்கச் சொல்லுங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா ஒண்ணும் ஆகாது" என்றார். என் அப்பா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். வயசு என்று சொல்லி விட்டுவிட்டோம். அது வயசு இல்லை என்று எனக்கு அந்த அறையில்தான் புரிந்தது. அடுத்து நீ. உனக்கு முப்பத்து நான்கு. கம்பெனிக்குத் தினமும் பைக்கில் போகிறாய், பாப்பாவை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு கடைக்குப் போகிறாய். இது தெரிந்தும் எட்டு மாதம் நான் உன்னிடம் சொல்லவில்லை. இந்தப் பொங்கலுக்கு நீ வந்தபோது மருந்து பாட்டிலை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அந்தப் படியில் நின்று உன்னைப் பேசிய பேச்சுக்குப் பிறகு, அந்தக் கடைதான் என்னைக் காப்பாற்றியது என்று உன்னிடம் ஒப்புக்கொள்ள வெட்கம். என் வெட்கத்துக்காக உன் கண்ணைப் பணயம் வைத்திருக்கிறேன். ஒரு தகப்பன் இப்படிச் செய்வானா என்று நீ கேட்கலாம். செய்திருக்கிறேன். அதை நினைத்தால் அந்த டயர் சத்தத்தைவிட எனக்கு இது பயமாக இருக்கிறது.

அதனால் பாப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போகிற அன்றைக்கு, அந்த நாற்காலியில் முதலில் நீ உட்கார். அப்பாவுக்குக் குளுக்கோமா என்று வாயைத் திறந்து சொல். நீ உட்காருவதைப் பார்த்தால் பாப்பாவுக்கும் பயம் தெளியும். நான் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நீ பரிசோதனை முடித்து வெளியே வரும்வரை அங்கே இருக்க வேண்டும். உன் அம்மா தனியாக அனுப்ப மாட்டேன் என்கிறாள், சமாளித்துக்கொள்கிறேன். பஸ் ஸ்டாண்டில் கூட்டமாக இருக்கும். தூரத்திலிருந்து கையை ஆட்டிக்கொண்டு நிற்காதே, எனக்கு வலப்பக்கமாக வந்து என் கையைப் பிடி. இடப்பக்கம் நீ வந்து நின்றால், நீ வரவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

அப்பா